கண்ணாடிப் பீரோவில் பிரசவ பொம்மை

மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம் பார்க்கப் பழகுவதற்கென்று அங்கே ஒரு ரப்பர் பொம்மை வந்தது. வந்த அன்றே அதிகாரி அம்பலவாணன் அதைக் கண்ணாடிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“கை பட்டா கெட்டுப்போயிடும். பார்த்தே கத்துக்குங்க” என்று நர்ஸ் மாணவிகளுக்கு உத்தரவு.

அடுத்த முறை கீழேயிருந்து ஜீப்பில் வந்த அம்பலவாணன், பொம்மையில் ஒரு கீறல்கூட இல்லையென்று பூரித்துப்போய் ஜீப்புக்குத் திரும்பினார். டிரைவர் இடத்தில் மாணவி நாகவேணி உட்கார்ந்திருந்தாள்.

“ஏறுங்க சார், நானே கீழே கொண்டுபோய் விடுறேன்.”

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“உங்க டிரைவர் ஓட்டுறதை ஜன்னல் வழியா நல்லாப் பார்த்திருக்கேன் சார்.”

அம்பலவாணன் கொண்டை ஊசி வளைவுகளை எட்டிப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“நீங்க ஏறாம நின்னுக்கலாம் சார். வலியெடுத்து வர்றவ எங்க கையிலதானே படுத்தாகணும்?”

அவர் பீரோ சாவியை நீட்டினார்.

இப்போது அந்தப் பொம்மைக்கு உடம்பெல்லாம் ஒட்டு.