கழுவிக் கொட்டிய கறுப்பு

“மேடம், அஞ்சாவதும் செத்துப் போச்சு” என்றார் பூவலிங்கம்.

அவர் ஆராய்ச்சி மாணவர். ஐம்பதைத் தாண்டியவர். வழிகாட்டியான ஜெசிந்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. போதாக்குறைக்கு, ஜெசிந்தாவுக்கு ஆறாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவரே இந்தப் பூவலிங்கம்தான்.

செத்தது மின்கலத்தின், அதாவது செல்லின், ஒரு தகடு. துத்தநாக-காற்று மின்கலத்தில் காற்றை உள்ளே இழுப்பதும், திரும்ப சார்ஜ் ஏற்றும்போது ஆக்சிஜனை வெளியே விடுவதும் அதுதான். இரும்பு கலந்த வினையூக்கித் தூளைக் கரித்தூளோடு குழைத்து அதில் பூசுவார் பூவலிங்கம். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, சில நாளிலேயே தகடு சோர்ந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் வாங்கிய விடுப்பு கோடையோடு முடிகிறது. அதற்குள் ஒரு தகடாவது தாங்காவிட்டால் ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

“வினையூக்கியே சரியில்ல மேடம். வேற ஒண்ணு மாத்திப் பாக்கிறேன்.”

“செத்த செல்லை என்ன செஞ்சீங்க சார்?”

“பளபளன்னு கழுவி வச்சிட்டேன்.”

அதில் அவருக்கு ஏகப் பெருமை. அவர் மேசையைப் போல் சுத்தமான மேசை அந்த ஆய்வகத்தில் கிடையாது. தினமும் காலையில் செல்லுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவார்.

“கொட்டின தண்ணி?”

“கழுவுற தொட்டியோட போச்சு. ஒரே அழுக்கு.”

ஜெசிந்தா எழுந்தார். ஒரு குடுவையின் ரப்பர் அடைப்பானை எடுத்துத் தொட்டியின் துவாரத்தில் அழுத்திச் செருகினார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

பூவலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன்னிடம் படித்த பிள்ளை தனக்கே தொட்டியை அடைத்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் வராது?

ஆறாவது செல் ஓடியது. கொட்ட இடமில்லாததால், எடுத்த கார நீரையெல்லாம் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்துவைத்தார். வாரக் கடைசியில் தகடு வழக்கம்போல் படுத்துக்கொண்டது. பாத்திரத்து நீர் மைபோல் கறுத்திருந்தது.

“இது என்ன சார்?”

“வினையூக்கி உதிருது போல.”

“போலன்னா? ஆறாங் கிளாஸ்ல எங்களுக்கு என்ன செஞ்சு காட்டுனீங்க?”

அவருக்கு அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. இரும்புத்தூளும் கந்தகமும். காந்தத்தால் கலவையைப் பிரித்தல். “நான் ஒரு தடவை செய்யட்டுமா சார்” என்று முன் பெஞ்சிலிருந்து கை நீட்டுவது இந்தப் பெண்தான்.

ஜெசிந்தா போனதும் இழுப்பறையிலிருந்து காந்தத்தை எடுத்தார் பூவலிங்கம். பாத்திரத்தின் கண்ணாடியோடு ஒட்டிவைத்தார். கறுப்பு அசையவே இல்லை.

செத்த தகட்டைச் சுரண்டி, அந்தத் தூளை ஒரு தட்டில் போட்டு, அடியில் காந்தத்தைக் காட்டினார். தூள் சிலிர்த்து எழுந்து நின்றது. காந்தம் போன பக்கமெல்லாம் கூடவே ஓடியது.

“மேடம்!” என்று வராந்தாவில் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடுவதைப் பார்த்த காவலாளி, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார்.

“வினையூக்கி சாகல மேடம். தகட்டுலயே இருக்கு. கரிதான் போகுது. சார்ஜ் ஏத்தறப்ப வர்ற ஆக்சிஜன் கரியை அரிச்சுத் தின்னுது. அது தெரியாம நான் ஊர்ப்பட்ட வினையூக்கியை மாத்திக்கிட்டு…”



அன்று சாப்பாட்டையே மறந்துவிட்டார். கரியே இல்லாமல், வினையூக்கியை நேராக நிக்கல் வலையின் மேலேயே படியவைத்தார். ஏழாவது செல் ஓடத் தொடங்கியது.

விடுப்பு முடிந்த நாளிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. விடுப்பை நீட்டிக்கப் பரிந்துரைப்பதாக ஆய்வக இயக்குநர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். கார நீர் ஊற்றியபோது இருந்ததைப் போலவே தெளிவாக இருந்தது. பூவலிங்கம் அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

“ஜெசிந்தா” என்றார். மேடம் என்பது மறந்துபோயிருந்தது. “கரிதான்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“எப்படி சார் தெரியும்? நீங்கதான் தினமும் கழுவிக் கொட்டிட்டீங்களே.”