முயலுக்கு மந்திரி வேலை

குழந்தைகளே, பக்கத்தில் வாருங்கள். பெரியவர்களும் வரலாம், யாரும் துரத்த மாட்டார்கள். மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், வெண்பாறை நாட்டைச் செங்கோடன் என்ற மன்னன் ஆண்டான்.

சின்ன வயதில் அவன் முயல் கதை கேட்காமல் தூங்கியதில்லை. கதையில் முயல் யானையை ஏமாற்றியது, புலியை ஏமாற்றியது, ஒருமுறை நிலாவையே ஏமாற்றியது. மன்னனுக்கு மீசை முளைத்தது, முடி சூட்டினார்கள், பிறகு தொந்தியும் வந்தது. முயலின் அறிவைப் பற்றிய நம்பிக்கை மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் அவனுடைய மந்திரி காலமானார். “ஒரு முயலைப் பிடித்து வாருங்கள். அதுதான் இனி என் மந்திரி” என்றான் மன்னன்.

காட்டோரம் புல் மென்றுகொண்டிருந்த பூளை என்ற முயல் வலையில் சிக்கியது. அதன் வளையில் கண் திறக்காத ஐந்து குட்டிகள் இருந்தன. பூளை அழவில்லை, முயலுக்கு அழத் தெரியாது. மூக்கு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

“முயலாரே, மூன்று சோதனை” என்றான் மன்னன். “மூன்றிலும் வென்றால் உமக்குப் பட்டாடை, பல்லக்கு, வேண்டும் வரம். ஒன்றில் தோற்றாலும் நான் கேட்ட கதைகள் பொய் என்று ஆகும்.”

“பொய் என்று ஆனால், அரசே?”

மடைப்பள்ளித் தலைவன் சாத்தன் எட்டிப் பார்த்தான். “மிளகு இடிக்கட்டுமா?” என்று கேட்டான்.

முதல் சோதனை வந்தது. ஒரு கன்றுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டார்கள். இருவருடைய பசுக்களும் சபையில் நின்றன.

“கன்று யாருடையது, முயலாரே?”

“எனக்குத் தெரியாது” என்றது பூளை.

சபை திகைத்தது. அந்தச் சபையில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. “பொறுங்கள், கதையிலும் முயல் முதலில் இப்படித்தான் சொல்லும்” என்று மன்னன் கையமர்த்தினான். எல்லோரும் காத்திருந்தார்கள். உச்சிவேளை ஆயிற்று. கன்றுக்குப் பசித்தது, எழுந்து போய்த் தன் தாயின் மடியை முட்டியது.

“பார்த்தீர்களா!” என்று மன்னன் தொடையைத் தட்டினான். பூளைக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டாம் சோதனை வந்தது. ஒரு புலவர், மன்னனின் மீசையைப் பற்றி மட்டும் நாற்பது அடி பாடி, அதன் தரத்தைச் சொல்லும்படி ஓலையைப் பூளையின் முன் வைத்தார். பூளை காலையிலிருந்து பட்டினி. ஓலையைத் தின்றுவிட்டது.

“மிளகு இடிக்கட்டுமா?” என்றான் சாத்தன்.

மன்னன் மீசையைத் தடவிக்கொண்டான். “வேண்டாம். பாட்டைக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது” என்றான்.

மூன்றாம் சோதனை கடினமானது. பல வருடம் பகைத்திருந்த பக்கத்து நாட்டரசன் கரிவாணன், சமாதான விருந்துக்கு அழைத்திருந்தான். எல்லையில் அதற்கென்றே புது மண்டபம் கட்டியிருந்தான். “இந்தச் சமாதானத்தை முடித்து வைப்பதுதான் உம் வேலை” என்று மன்னன் பூளையைத் தோளில் வைத்துக்கொண்டு, முப்பது வீரரோடு புறப்பட்டான். சாத்தனும் உரலோடு வந்தான்.

மண்டபத்து வாசலில் பூளை தோளிலிருந்து குதித்தது. பின்னங்காலால் தரையைத் தட்டியது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு.

“என்ன முயலாரே, மானத்தை வாங்குகிறீர்!”

“இன்னொரு வாசல் எங்கே, அரசே?”

வரவேற்க வாசலில் நின்ற கரிவாணன் விழுந்து விழுந்து சிரித்தான். “மந்திரியா இது? விருந்துக்கு வந்தவர் எத்தனை வாசல் வழியாகச் சாப்பிடுவார்?”

“மிளகை இடித்தே விட்டேன்” என்றான் சாத்தன்.

ஆனாலும் பூளை உள்ளே போகவில்லை. “எனக்கு நியாயம் தெரியாது. பாட்டும் தெரியாது. ஒரே ஒரு வாசல் உள்ள வளையில் எங்கள் குலத்தில் யாரும் படுக்க மாட்டோம், அது ஒன்றுதான் தெரியும். அதோடு, இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.”

மன்னன் கதவைப் பார்த்தான். புதுத் தாழ்ப்பாள், கைப் பருமன், வெளிப்புறத்தில்.

“தச்சன் மாற்றிப் பொருத்திவிட்டான், அறிவுகெட்டவன்” என்றான் கரிவாணன்.

“பாதகமில்லை. நீங்களும் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். தாழ்ப்பாளருகே என் ஆள் நிற்கட்டும்” என்றான் மன்னன்.

கரிவாணனுக்குத் திடீரென்று வயிற்றைப் பிசைந்தது. பிறகு தலை வலித்தது. பிறகு அரண்மனையில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. குதிரை ஏறியவன் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் வைக்கோற்போரில் ஒளிந்திருந்த அவனுடைய வில்லாளிகளும் தும்மிக்கொண்டே அவன் பின்னால் ஓடினார்கள்.

மன்னன் பூளையை அள்ளி எடுத்தான். “கதையில் சொன்னது உண்மை! முயலுக்கு எத்தனை அறிவு!”

“அறிவில்லை, அரசே, பயம்” என்றது பூளை. “கதைக்குள் தப்பித்த முயல்தான் வருகிறது. தப்பிக்காத முயல்களைப் பற்றி யார் கதை சொல்வார்கள்? நாங்கள் அவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.”

சாத்தன் மிளகைக் காற்றில் கொட்டினான். முப்பது வீரரும் சேர்ந்து தும்மினார்கள்.

“பட்டாடையும் பல்லக்கும் ஆயத்தம். என்ன வரம் வேண்டும்?” என்று மன்னன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“கீழே இறக்கிவிடுங்கள். குட்டிகளுக்குப் பால் கொடுக்க வேண்டும்.”

இறக்கிவிட்டான். பட்டாடைப் பேச்சு முடியுமுன் பூளை இரண்டு வயலைத் தாண்டியிருந்தது.

பிள்ளைகளே, இல்லாத அறிவைக் காட்டிக்கொள்பவனைவிட, உள்ள அச்சத்தை மறைக்காமல் சொல்பவனே தன்னையும் காப்பான், தன்னை நம்பியவரையும் காப்பான்.