ஒற்றைக் காசித்தும்பை

பூவும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தோட்டத்துக் காசித்தும்பை ஒற்றைப் பூவாகத்தான் பூத்தது. சில மெல்லிய இதழ்கள், பின்னால் வளைந்த ஒரு சிறு வால். அந்த வாலுக்குள் தேன் இருந்தது.

செண்பகவடிவு அதை ஆண்டுதோறும் முற்றத்தில் விதைப்பாள். மழையோடு முளைத்து, பூத்து, காய் வெடித்ததும் செடி செத்துப்போகும். மறு ஆண்டுக்கு விதைதான் மிச்சம். கணவன் உப்பளத்துக்குப் போய்விட்டால், சுவர்ப் பொந்தில் குடியிருந்த தேனீதான் அவளுக்குப் பேச்சுத்துணை.

"வடிவக்கா, இன்னைக்குச் சிவப்புப் பூவில் தேன் கொஞ்சம் புளிப்பு."

"ஓசியில் குடிக்கிறவளுக்கு வாயைப் பார்!" என்பாள் வடிவு.

ஓர் ஆண்டு, ஒரு செடி மட்டும் இதழ்மேல் இதழாக, குட்டி ரோஜாபோலப் பூத்தது. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு உலகம்மை, "இதல்லவா பூ! இத்தனை நாள் நீ வளர்த்தது களையா?" என்று சிரித்தாள். வடிவுக்குச் சுருக்கென்றது. ஒற்றைப் பூவின் மகரந்தம் கலந்தால் அடுக்கு கெட்டுவிடும் என்று, ஒற்றைச் செடிகளைக் காய் பிடிக்குமுன்பே பிடுங்கத் தொடங்கினாள்.

தேனீ பதறி வந்தது.

"அக்கா, அடுக்குப் பூவில் எனக்கு வழியில்லை. இதழுக்குள்ளேயும் இதழ். ஒரே ஒரு ஒற்றைச் செடியை விதைக்கு விட்டுவை. கூட்டில் குஞ்சுகள் பசியோடு கிடக்கு."

"இந்த வருஷம் பொறுத்துக்கோடி. அடுத்த வருஷம் உனக்கென்று தனியாக விதைக்கிறேன்."

"எந்த விதையை அக்கா?"

வடிவு குனிந்து பிடித்து இழுத்தாள். கடைசிச் செடியும் வேரோடு வந்தது.

அடுத்த மழையில் முற்றம் முழுக்க அடுக்குப் பூ. ஊரார் விதை வாங்கிப்போனார்கள். தங்கள் ஒற்றைச் செடிகளையும் பிடுங்கி எறிந்தார்கள். பொந்தில் இரைச்சல் நாளுக்கு நாள் குறைந்தது. வடிவு வீடு வீடாகப் போய் ஒற்றை விதை கேட்டாள். ஒருவரிடமும் இல்லை.

ஒரு காலையில் தேனீ தள்ளாடி வந்து பூவைச் சுற்றியது. வடிவு அவசரமாக இதழ்களை விலக்கிப் பிடித்தாள்.

"வாடி, இப்போ வழி இருக்கு. குடி."

உள்ளே தேன் இல்லை. பின்னால் வாலும் இல்லை. தேனீ ஒரு சொல்லும் சொல்லாமல் சுவரைத் தாண்டிப் பறந்தது. வடிவு கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.

அன்று முதல்தான் தேனீ மனிதரோடு பேசுவதில்லை. அடுக்குப் பூவைக் கண்டால் ஒருமுறை சுற்றிவிட்டு, உட்காராமலே போய்விடுகிறது.