சேது முட்டை

"அந்த மூணாவது அத்தியாயத்தை எடுத்துடட்டுமா மேடம்?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

பேராசிரியர் ஜெசிந்தா நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

ஒட்டுண்ணியியல் துறையில் பொன்னுரங்கம்தான் மூத்த மாணவர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்து நான்கு வருடம் கிராமங்களில் கால்நடை மருத்துவராக இருந்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். ஆசிரியை அவரைவிடப் பதினொரு வயது இளையவர்.

"ஏன் எடுக்கணும்?"

"தேர்வாளரா வர்றது சேதுநாராயணன் சார். அது இருந்தா கையெழுத்து கிடையாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கார்."

சேது முட்டையைக் கண்டுபிடித்தவர் சேதுநாராயணன். கோடையில் வெள்ளாட்டுப் புழுக்கையில் தென்படும் ஒரு குடற்புழுவின் முட்டை அது. பாடப்புத்தகத்தில் அவர் பெயரோடு படம் இருக்கிறது. ஜெசிந்தா அவரிடமே அதைப் படித்தார். பிறகு வருடாவருடம் தன் வகுப்பில் நடத்தினார்.

அது முட்டையே இல்லை என்றது பொன்னுரங்கத்தின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம். சீமைக்கருவேலம் பூவின் மகரந்தம். ஆடு பூவைத் தின்கிறது. மகரந்தம் செரிக்காமல் வெளியே வருகிறது. எந்தப் புழு முட்டையிலும் இல்லாத மூன்று பள்ளங்கள் அதில் உண்டு. புத்தகப் படம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது.

"மத்த அத்தியாயமே பட்டத்துக்குப் போதும் மேடம். இந்த வருஷம் விட்டா உதவிப் பேராசிரியர் வேலைக்கு வயசு தாண்டிடும். முட்டை இல்லைன்னு எழுதினா எனக்கு முட்டைதான் போடுவார்."

ஜெசிந்தா சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நுண்ணோக்கியில கண்ணை வைங்க."

வைத்தார்.

"என்ன தெரியுது?"

"மகரந்தம்."

"கண்ணை எடுங்க."

எடுத்தார். எதிர்ச் சுவரில் முன்னாள் துறைத்தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. நடுவில் சேதுநாராயணன்.

"இப்ப?"

"முட்டை."

ஜெசிந்தா மறுபடி குழாயைத் திறந்தார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே மேடம்."

"கோடையில ஆட்டுக்காரங்க உங்ககிட்ட என்ன கேட்டு வருவாங்க?"

"பூச்சி மருந்து."

"கொடுத்தீங்களா?"

"இருபத்து நாலு கோடையும் கொடுத்தேன்."

"எதுக்கு?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பூவுக்கு," என்றார் பொன்னுரங்கம்.

அத்தியாயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வாய்மொழித் தேர்வு அன்று கூடம் நிறைந்துவிட்டது. சேதுநாராயணன் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"பென்ஷன் வாங்குற வயசுல முனைவர் பட்டமாய்யா?"

"உங்க முட்டை விடமாட்டேங்குது சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆய்வேட்டைக் கையில் எடுத்தார். தலைப்புகளை மட்டும் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. உள்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தன. மூன்றாவது அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"இதைக் கிழிச்சுட்டு வாங்க. இங்கேயே கையெழுத்துப் போடறேன்."

பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தார்.

பொன்னுரங்கம் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை ஜன்னலைப் பார்த்தார்.

கூடத்தின் ஓரத்தில் பாடம் நடத்தும் நுண்ணோக்கி இருந்தது. அதில் எதிரெதிரே இருவர் உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்க்கலாம். உள்ளே ஒரு பச்சை அம்புக்குறி தெரியும். அதை நகர்த்தும் குமிழ் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்.

பொன்னுரங்கம் மாணவர் பக்கம் போய் உட்கார்ந்தார். சில்லைப் பொருத்தினார். குனிந்து கண்ணை வைத்தார்.

"என்ன பண்றீங்க? என்னைப் பார்த்துப் பதில் சொல்லுங்க. அது என்ன?"

"மகரந்தம் சார்."

"தலையை நிமிர்த்திச் சொல்லுங்க!"

"மாட்டேன் சார்."

"ஏன்?"

"கண்ணை எடுத்தா முட்டையாயிடுது."

பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"திமிரு. யார் சொல்லிக் கொடுத்தது இதை?"

"நான்தான்," என்றார் ஜெசிந்தா. "எனக்கு நீங்க."



பொன்னுரங்கம் தலை நிமிரவில்லை. ஊசியை எடுத்து, சில்லின் மேல் மூடியிருந்த மெல்லிய கண்ணாடியை நுனியால் தட்டினார். உருண்டை லேசாகப் புரண்டது. ஒரு பள்ளம் தெரிந்தது. மறுபடி தட்டினார். இரண்டு.

எதிர்ப்பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

வட்ட வெளிச்சத்துக்குள் பச்சை அம்புக்குறி நுழைந்தது. முதல் பள்ளத்தில் நின்றது. நகர்ந்து இரண்டாவதில் நின்றது.

பொன்னுரங்கம் இன்னொரு தட்டுத் தட்டினார்.

அம்புக்குறி மூன்றாவது பள்ளத்துக்குப் போய் நின்றது. வெகுநேரம் அங்கிருந்து அசையவில்லை.

"எந்த மரம்?" என்று கேட்டது எதிர்ப்பக்கத்துக் குரல்.