கடல் கடக்கக் கிளம்பிய மலை அணில்

பொழுது விடிந்தால் செவலைக்கு ஒரே வேலைதான். வேங்கை மரத்தின் உச்சிக் கிளைக்குப் போவான். "கட் கட் கட் கடகட!" என்று காடே அதிரக் குரல் கொடுப்பான். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பதில் வராது.

செவலை ஒரு மலை அணில். பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால், முதுகில் நல்ல செம்பட்டு நிறம். அழகுக்குக் குறைச்சலில்லை. பார்க்கத்தான் ஆளில்லை. மலைச்சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். சாலைக்கு மேலே ஒரு துண்டுக் காடு தனியாக நின்றுபோனது. அதிலிருந்த மற்ற மலை அணில்கள் ஒவ்வொன்றாக வயதாகிப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியவன் செவலை ஒருவன்தான்.

சாலைக்குக் கீழே ஒரு பெரிய அருவி. அது போடுகிற இரைச்சலில் இந்தப் பக்கம் கத்துவது அந்தப் பக்கம் கேட்காது. அந்தப் பக்கம் கத்துவது இந்தப் பக்கம் கேட்காது.

"உலகத்திலேயே கடைசி மலை அணில் நான்தான் போலிருக்கிறது" என்று செவலை முடிவு கட்டிவிட்டான். அந்த நினைப்பு வந்த நாள் முதல் பலாப்பழம்கூட அவனுக்கு இனிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் வாலாட்டிக் குருவி வந்து சேர்ந்தாள். குளிர்காலம் முழுக்க இந்த மலையில் இருப்பாள். வெயில் ஏறியதும் பல கடல், பல மலை தாண்டித் தன் ஊருக்குப் போய்விடுவாள். எப்போது பார்த்தாலும் சாலையோரத்தில் தலையைக் குனிந்துகொண்டு பூச்சி பொறுக்குவாள். வாலும் நிற்காது, வாயும் நிற்காது.

அன்று செவலையின் குரல் கேட்டுத்தான் அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அட! தம்பி, அச்சு அசலா உன்னை மாதிரியே ஒருத்தனை நான் பார்த்திருக்கேனே!"

செவலை கிளையிலிருந்து விழப் பார்த்தான். "எங்கேக்கா? எங்கே?"

"கடல் தாண்டி ஒரு ஊர்ல. அங்கே மிருகக்காட்சிசாலைன்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு கம்பி வீடு! உன் ஆளுக்கு வேளாவேளைக்குப் பழத்தை நறுக்கித் தட்டுல வைக்கறாங்க."

"நறுக்கியா!"

"பின்னே! அங்கேருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு மியூசியம். அதுல இன்னொருத்தன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கறான். காலடியில பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கு."

"அவர் என்ன செய்யறார்?"

"ஒண்ணும் செய்யறதில்ல. அரை நாள் ஜன்னல்ல உக்காந்து பார்த்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டலே!"

"சாப்பாடு?"

"சாப்பிட்டு நான் பார்க்கலே."

"விரதம்!" என்றான் செவலை, உருகிப்போய். "பெரிய மகானா இருப்பார்!"

வாலாட்டிக்கும் அது சரியென்றே பட்டது.

அன்றே செவலை தீர்மானித்துவிட்டான். வெளிநாடு போக வேண்டும். முதலில் மிருகக்காட்சிசாலை, அடுத்து மியூசியம். தன் இனத்து முகம் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் செத்தால் கட்டை வேகாது!

ஆனால் வழி? காட்டில் வெளியுலகம் தெரிந்த ஆள் ஒருவன்தான். குல்லாய்க் குரங்கு. தலையில் குல்லாய் கவிழ்த்தது போல முடி. வளைவில் இருக்கும் கருப்பசாமி கோயில்தான் அவன் இருப்பிடம். மலை இறங்கும் லாரிக்காரர்கள் எல்லாரும் அங்கே வண்டியை நிறுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் கிளம்புவார்கள். உடைந்த தேங்காயைப் பொறுக்கித் தின்றே குல்லாய்க்குத் தொந்தி விழுந்திருந்தது. பேச்சும் நன்றாக வந்திருந்தது.

பலாச்சுளை தின்ன மேலே வந்த குல்லாயிடம் செவலை விஷயத்தைச் சொன்னான்.

"வெளிநாடா? இவ்வளவுதானே! ஏலக்காய் லாரி கோயில்கிட்ட நிக்கும். மூட்டை மேல ஏறி உக்காந்துக்கோ. நேரா தூத்துக்குடித் துறைமுகம். அங்கே கப்பல். இறங்கினா வெளிநாடு!"

"அவ்வளவு சுலபமாண்ணே?"

"சுலபமா? யாரு சொன்னா? பாஸ்போர்ட் வேணும். குளிருக்குப் பழகணும். கப்பல்காரனுக்குச் சொல்லி வைக்கணும். எல்லாம் நான் பார்த்துக்கறேன். முதல்ல அந்தப் பெரிய பலாவைப் பறிச்சுப் போடு!"

செவலை பறித்துப் போட்டான். மறுவாரம் குல்லாய் ஒரு பளபளக்கும் சிவப்பு மிட்டாய்க் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "இதான் பாஸ்போர்ட். பத்திரம்!" அதற்கு இன்னொரு பலா. கப்பல்காரனுக்குச் சொல்லி வைத்ததற்கு வேறொரு பலா. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதங்கள் ஓடின. பழமும் ஓடியது.

செவலை சும்மா இருக்கவில்லை. அவனைப் போலப் பயணத்துக்குத் தயாரானவர் அந்தக் காட்டில் யாருமில்லை. வெளிநாட்டுக் குளிருக்குப் பழக, பனியில் கூட்டுக்கு வெளியே படுத்துத் தும்மித் தள்ளினான். மிருகக்காட்சிசாலைக்காரனுக்குக் கொடுக்க, காட்டு அத்திப்பழங்களைக் காயவைத்து இலையில் மடித்தான். மியூசியத்து மகானுக்கு என்ன கொடுப்பது? அவர்தான் சாப்பிடுவதில்லையே! அவர் முன்னால் துள்ளினால் மரியாதையாக இருக்காது என்று, தினமும் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கப் பழகினான். மூக்கில் எறும்பு ஊர்ந்தாலும் அசையமாட்டான். அந்த வித்தையில் அவன் நன்றாகவே தேறினான்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வாலாட்டி மூட்டை கட்டிவிட்டாள்.

"தம்பி, நாளைக்கு நான் கிளம்பறேன். நீ லாரியில வா. துறைமுகத்துல பார்த்துக் கப்பல் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். இதை விட்டா அடுத்த வருஷம்தான்!"

"காலையில வெயில் வந்ததும் லாரி வரும். கோயில் வாசல்ல ஏறிக்கோ" என்றான் குல்லாய்.

"கோயில் எந்தப் பக்கம்ணே?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

செவலையின் வால் அப்படியே நின்றுபோனது.

"கிளை வழியா வர முடியாதா?"

"கிளை ஏது? மரத்தைத்தான் வெட்டிட்டாங்களே. தரையில இறங்கித்தான் நடக்கணும். முப்பதடிதான்!"

தரை! இதைப் பற்றி மட்டும் செவலை யோசிக்கவே இல்லை. மலை அணில்கள் தரையில் கால் வைப்பதில்லை. பிறப்பதும் மரத்தில், சாவதும் மரத்தில். செவலையின் அம்மா அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே, "கீழே இருப்பது நம்முடையதில்லை" என்பதுதான். கடலைத் தாண்ட அவன் ஆறு மாதமாகத் திட்டம் போட்டிருக்கிறான். இந்த முப்பதடிக்கு ஒரு திட்டமும் இல்லை.

மறுநாள் காலை லாரி வந்து கோயில் வாசலில் நின்றது. செவலை அத்திப்பழ மடிப்பை வாயில் கவ்விக்கொண்டு, பாஸ்போர்ட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மரத்தின் அடிவரைக்கும் வந்துவிட்டான். ஒரு காலைத் தரையில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். சூடு, தூசி, கல்.

"வா தம்பி! நான் தினமும் நடக்கறேனே, என்னை என்ன கடிச்சா தின்னுது?" என்று வாலாட்டி சாலையில் துள்ளிக் காட்டினாள்.

இப்போது போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டோம் என்று செவலைக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓடினான். ஐந்தடி, பத்தடி, பதினைந்தடி. நடுச்சாலைக்கு வந்ததும் வளைவில் பேருந்தின் ஹாரன் அலறியது!

செவலை விறைத்து நின்றுவிட்டான். கால் நகரவில்லை. ஆறு மாதம் பழகிய பழக்கம். வால் தூக்கியபடி, கண் சிமிட்டாமல், ஆடாமல் அசையாமல் நின்றான்.

"ஓடுடா! ஓடு! அப்படியே நின்னா செத்துப் போயிடுவே!" என்று குல்லாய் கோயில் சுவரிலிருந்து கத்தினான்.

அந்த ஒரு கணத்தில் செவலைக்குப் பொறி தட்டியது. கண் சிமிட்டாமல் நிற்கிறான். சாப்பிடுவதில்லை. அசைவதே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவன் விரதம் இருக்கவில்லை. அவன் செத்துப் போயிருக்கிறான்!

"ஐயோ பாவம்!" என்று நினைத்தான் செவலை. "நான் அப்படி நிற்கமாட்டேன்!"

ஒரே பாய்ச்சல். பேருந்தின் காற்று வாலை உரசிக்கொண்டு போனது. செவலை லாரியைப் பார்க்கவில்லை, கோயிலைப் பார்க்கவில்லை. கண்ணில் பட்ட முதல் மரத்தைத் தாவிப் பிடித்து, உச்சிக் கிளைக்குப் போய்த்தான் நின்றான். அத்திப்பழ மடிப்பு வழியிலேயே சிதறிவிட்டது.

கீழே லாரி கிளம்பிப் புகை கக்கிக்கொண்டு வளைவில் மறைந்தது.

செவலை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறு மாதத் திட்டம் போயிற்று. கப்பல் போயிற்று. மிருகக்காட்சிசாலைக்காரனும் போனான். மியூசியத்தில் இருந்தவனோ எப்போதோ போய்விட்டான். துக்கத்தை அடக்க முடியாமல் செவலை தன்னையறியாமல் குரல் கொடுத்தான்.

"கட் கட் கட் கடகட!"

"கட் கட் கட் கடகட!" என்று பக்கத்து மரம் பதில் சொன்னது.

எதிரொலி என்று நினைத்தான். ஆனால் எதிரொலி, "யாரது?" என்று கேட்குமா?

இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அதே செம்பட்டு முதுகு. அதே நீண்ட வால். அவள் கக்கத்தில் ஒரு சிவப்பு மிட்டாய்க் காகிதம் பளபளத்தது.

"நீங்க... நீங்க வெளிநாட்டுலேருந்தா வர்றீங்க?" என்று கேட்டாள் அவள்.

"இல்லைங்க. எதிர்ப் பக்கத்துலேருந்து" என்றான் செவலை. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவள் பெயர் மருதி. அருவிக்கரைக் காட்டில் அவளும் தனி ஆள்தான். பதில் வராத குரலை எத்தனை நாள் கொடுப்பது என்று அவள் கூப்பிடுவதையே நிறுத்தி இரண்டு வருஷமாயிற்று. கடல் தாண்டிய ஊரில் தன்னைப் போல் ஒருவன் இருப்பதாகக் குல்லாய்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.

"இந்த லாரியிலதான் என்னையும் வரச் சொன்னார். விடிஞ்சதுலேருந்து இங்கேதான் இருக்கேன். தரையில இறங்கத் தைரியம் வரலே" என்றாள் மருதி. "உங்களுக்கு எப்படி வந்தது?"

"எனக்கும் வரலே" என்றான் செவலை. "வராமலேதான் ஓடினேன்."

பிறகு இருவரும் சேர்ந்து கோயில் சுவரைக் குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணே! ரெண்டு பேருக்கும் இடையில முப்பதடிதான். உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டான் செவலை.

குல்லாய் தேங்காய்ச் சில்லைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். "இதென்ன வம்பா இருக்கு! நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட வழி கேட்டது வெளிநாட்டுக்கு! பக்கத்து மரத்துல யாரு இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். ஆனால் சொன்னால் அன்றோடு இரண்டு பக்கத்துப் பழமும் நின்றுவிடுமே என்ற கவலையும் அந்தத் தொந்திக்குள் இருந்தது. மருதி ஒரு பிஞ்சுப் பலாவைப் பறித்து அவன் குல்லாயைக் குறிபார்த்துப் போட்டாள். அவன் அலறிக்கொண்டு ஓடினான்.

வாலாட்டி கிளம்புவதற்கு முன் விடைபெற வந்தாள். "தம்பி, அப்போ நீ வரலியா? மிருகக்காட்சிசாலையில உன் ஆள்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"இங்கே நாங்க ரெண்டு பேர் இருக்கோம்னு சொல்லுங்கக்கா. அவன் தனி ஆள் இல்லைன்னு தெரிஞ்சா அவனுக்கும் தட்டுல இருக்கற பழம் இனிக்கும்."

"மியூசியத்து மகான்கிட்ட?"

"அவருக்குச் சொல்ல ஒண்ணுமில்லக்கா. அந்தக் கண்ணாடி முன்னால ஒரு நிமிஷம் வாலை ஆட்டாம நில்லுங்க. போதும்."

வாலாட்டி வாழ்நாளில் அப்படி நின்றதில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டுப் பறந்தாள்.

அடுத்த ஐப்பசியில் அவள் திரும்பி வந்தபோது, அருவிக்கரை மரத்தில் ஒரு பெரிய கூடு இருந்தது. அதிலிருந்து இரண்டு குட்டி மலை அணில்கள் எட்டிப் பார்த்தன. வாலாட்டி மூச்சு வாங்கக்கூட இல்லை, உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"பசங்களா, கடல் தாண்டி ஒரு ஊர் இருக்கு. அங்கே..."

"அதைச் சாயங்காலம் கேக்கறோம் அத்தை!" என்றது மூத்தது. "முதல்ல இதைச் சொல்லுங்க. அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

கடலைத் தாண்டத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தங்கள் வாசலில் கிடக்கும் முப்பதடியைத் தாண்டிப் பார்க்க வேண்டும். தேடிப் போகிற உறவு அங்கேயே காத்திருக்கவும் கூடும்.