பெயர் சொல்லாத மாநாடு

முப்பிடாரிபுரம் கல்லூரியில் கணினி வடிவியல் துறை என்று ஒன்று இருந்தது. கோடு, கோணம், மூலை முடுக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்குப் பார்க்கும் படிப்பு. துறையில் நான்கு பேர். தலைவர் திருமேனிநாதன், அவருக்குக் கீழே குஞ்சிதபாதம், வேதமணி, அன்னக்கொடி அம்மாள். நால்வருக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. மூளைக்குத்தான் இன்னும் அரசாணை வரவில்லை.

ஒருநாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு விட்டார். "ஒரு மாநாடு நடத்துங்க. ஒரே ஒரு கட்டுரையாவது மேடையில வாசிச்சாகணும். இல்லன்னா துறையை மூடிட்டு, உங்க நாலு பேரையும் விடுதிச் சமையலறையைப் பார்த்துக்கச் சொல்லிடுவேன்."

இருபத்தாறு வருஷமாகத் திருமேனிநாதனுக்கு வடிவியல்தான் உலகம். ஓடிப்போய் எங்கோ நடந்த பழைய மாநாட்டின் விதிகளை வாங்கி வந்தார். 'எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியக் கூடாது. பெயர், ஊர், கல்லூரி எதுவும் இடம்பெறக் கூடாது' என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. பாரபட்சம் வராமலிருக்க எல்லோரும் வைத்துக்கொள்ளும் நல்ல வழக்கம்தான். நம்மவர்கள் கையில் சிக்கியது அதன் தலையெழுத்து.

கட்டுரை கேட்டு அனுப்பும் அழைப்பைத் தட்டச்சு செய்த அன்னக்கொடி அம்மாளுக்கு ஒரு சந்தேகம். "சார், இந்த அழைப்பை எழுதுனது நாமதானே? நம்ம பேரைப் போடலாமா?"

"அடுத்தவங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?" என்றார் குஞ்சிதபாதம்.

அரை நாள் விவாதித்துப் பெயர், ஊர், கல்லூரி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் நீக்கினார்கள். 'கணினி வடிவியல் மாநாட்டுக்கு ஆய்வுக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன' என்ற ஒரு வரி மிஞ்சியது. அதை நாற்பது பல்கலைக்கழகங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

கடைசி நாள் வரை ஒன்றும் வரவில்லை. "நாட்டுல யாரும் ஆராய்ச்சியே பண்றதில்ல சார்" என்று வேதமணி வேதனைப்பட்டார்.

வேறு வழியில்லாமல் திருமேனிநாதனே மூன்று நாள் உட்கார்ந்து, கைப்பட ஒரு கட்டுரை எழுதினார். மனிதர் அசடுதான், ஆனால் வடிவியலில் புலி. பெயர் போடாமல் துறை வாசலில் இருந்த பெட்டியில் போட்டார். மறுநாள் அவரே திறந்து பார்த்து, "ஒண்ணு வந்திருக்கு" என்று பூரித்துப் போனார். நால்வரும் படித்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாநாட்டன்று நால்வரும் மாலையோடு வாசலில் நின்றார்கள். எழுதியவர் வந்தபாடில்லை. பதினொரு மணிக்கு முதல்வர் வந்து, கட்டுரையை வாங்கிப் புரட்டினார்.

"திருமேனிநாதன், இது உங்க எழுத்துதானே? மேடையேறி நீங்களே வாசிங்க. துறை பிழைச்சுக்கும்."

நால்வரும் மாலையைக் கீழே வைத்தார்கள்.

"கெடுத்துட்டீங்களே சார்" என்றார் குஞ்சிதபாதம். "எழுதுனது யாருன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. விதிப்படி கட்டுரை தள்ளுபடி."

தள்ளுபடிக் கடிதத்தில் துறைத்தலைவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். திருமேனிநாதன் போட்டார். விலாசம் தெரிந்துவிட்டதால் அன்றே தபாலில் சேர்த்தார்கள்.

கடிதம் அவர் கைக்கு வந்தபோது நால்வரும் விடுதிச் சமையலறையில் இருந்தார்கள். திருமேனிநாதன் அதை இரண்டு முறை படித்தார். "மூணு நாள் உழைப்பு. ஈவிரக்கம் இல்லாத ஆளுங்க."

வேதமணி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "விடுங்க சார். அந்த மாநாட்டுக்காரங்களுக்கு உங்க அருமை தெரியல. நாமளே ஒரு மாநாடு நடத்துவோம்."