வாசித்துக் காட்டியது

“இந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் எப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறது, சிஸ்டர்?”

கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் வைத்தபடியே செண்பகவல்லி கேட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸிங் கல்லூரியில் விரிவுரையாளர். பதினாறு வருட சர்வீஸ். மாணவிகள் செல்போனையும் ஃபேஸ்புக், வாட்ஸப்பையும் எப்படிப் பொறுப்போடு கையாள வேண்டும் என்று வகுப்பெடுப்பதும் அவள் வேலை. அதற்கென்று இருபத்தொரு விதிகள் எழுதியிருந்தாள். ஒவ்வொரு மாணவியிடமும் கையெழுத்து வாங்கியிருந்தாள். கண்ணாடிச் சட்டம் போட்டு வகுப்பறைச் சுவரிலும் மாட்டியிருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நசீமா. எலும்பு முறிவு வார்டின் பொறுப்பு நர்ஸ். செண்பகவல்லியைவிட ஏழு வயது இளையவள். டிப்ளமோவுக்கு மேல் படித்ததில்லை. அதிகம் பேசவும் மாட்டாள். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்காவது ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால், கடைசியில் அவள் மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

செண்பகவல்லி வந்தது அதற்காக அல்ல. ஒரு கையெழுத்துக்காக.

இரண்டாம் ஆண்டு ஜெபராணியைக் கல்லூரியை விட்டு நீக்கச் சொல்லும் கடிதம் அது. தவறு நடந்தது நசீமாவின் வார்டில். அதனால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

நசீமா கடிதத்தைப் படித்தாள். அவசரப்படவில்லை.

ஜெபராணி ஒரு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள். கையில் பெட்பேனைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சுளிக்கிறாள். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. ‘எம் பொழப்பு இதுதான்டா சாமி’ என்று எழுத்து ஓடுகிறது. அவளுக்குப் பின்னால் கட்டிலில் சிவனுபாண்டி படுத்திருக்கிறார். இடுப்பெலும்பு உடைந்த பெரியவர். வேட்டி விலகியிருக்கிறது.

யாரோ காட்ட, அவருடைய மகள் அதைப் பார்த்தாள். வார்டிலும் கல்லூரியிலும் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

“ஏழாவது விதி, பதினோராவது விதி, பதினாலாவது விதி, மூணையும் மீறியிருக்கா” என்றாள் செண்பகவல்லி. “எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டவதான்.”

“காலையில எங்கிட்ட வந்தா” என்றாள் நசீமா.

“யாரு, ஜெபராணியா? எதுக்கு?”

“என்ன செய்யட்டும்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“போட்டதைப் பெரியவர்கிட்டயே வாசிச்சுக் காட்டச் சொன்னேன்.”

செண்பகவல்லி முகத்தைச் சுருக்கினாள். “அவர் பாவம், அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டாரே.”

“பார்க்கலை. மக வந்து கத்தினதுல ஏதோன்னு மட்டும் தெரியும். இவ போய் முழுசும் வாசிச்சா. பாட்டு என்னன்னும் சொன்னா.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணுதான் கேட்டார். ‘மூஞ்சி தெரியுதாம்மா?’ன்னு.”

“அதுக்கு இவ?”

“‘தெரியுது தாத்தா’ன்னு சொன்னா. அவர் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். அதுலேருந்து அவர் எங்க யாரையும் கூப்பிடலை, மேடம். மகன் டியூட்டி முடிஞ்சு வரட்டும்னு அடக்கிக்கிட்டே கிடக்கார்.”

நசீமா தலையைத் திருப்பிப் பார்த்தாள். செண்பகவல்லியும் பார்த்தாள்.

வார்டின் கடைசிக் கட்டில். பெரியவரின் முதுகு தெரிந்தது. ஜெபராணி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். சுவரில் சாயவில்லை, உட்காரவும் இல்லை.

“எவ்வளவு நேரமா நிக்கிறா?”

“காலையிலேருந்து. நான் நிக்கச் சொல்லலை.”

செண்பகவல்லி பேனாவை எடுத்து நசீமாவின் பக்கம் நகர்த்தினாள்.

“இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கு இல்லையா, சிஸ்டர்.”

“இருக்கு” என்றாள் நசீமா. பேனாவை வாங்கிக்கொண்டாள். மூடியையும் கழற்றினாள்.

“ஒரே ஒரு வேலை, மேடம். உங்க போன்ல கொஞ்சம் தேடிப் பாருங்க. யாரைப் பத்தியாவது, அவங்க முன்னாடி நின்னு வாசிக்க முடியாதது ஒண்ணாவது போட்டிருக்கீங்களான்னு. இல்லைன்னா, இந்தாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எம் போன்லயா?”

“ஆமா.”

“அஞ்சு நிமிஷத்துல வர்றேன்.”

வார்டுக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்ச். அதில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கைத் திறந்தாள்.

பொங்கல் வாழ்த்து. மகள் பிறந்தநாள். திருச்செந்தூர் போனது. ஆசிரியர் தின விழாவில் பொன்னாடை போர்த்தியது. விரல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

பிறகு ஒரு விடைத்தாள் வந்தது.

இரண்டு வருடம் முன்னால் அவளே போட்டது. அதற்கு அவ்வளவு லைக் வந்ததில் அன்று அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். வீட்டுக்காரரிடம்கூடக் காட்டினாள்.

கேள்வி: நோயாளிக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

பதில்: முதலில் சாமியைக் கும்பிடுவேன். பிறகு சீனியர் சிஸ்டரைக் கூப்பிடுவேன்.

அதற்கு மேலே செண்பகவல்லி எழுதியிருந்தாள்: ‘நாளைக்கு நம்ம உயிர் இவங்க கையில. நாமளும் இப்பவே கும்பிட்டுக்குவோம்.’

முந்நூற்றுப் பன்னிரண்டு லைக்.

பெயரைக் கறுப்பு அடித்து மறைத்திருந்தாள். ஆனால் எழுத்து மறையவில்லை. இடப்பக்கமாகச் சாய்ந்த, உருண்டை உருண்டையான எழுத்து. அன்று வகுப்பில் அப்படி எழுதியவள் ஒருத்திதான்.

முத்துக்கனி.

செண்பகவல்லியின் காதுமடல் சுட்டது. ஆயாம்மா ஒருத்தி வாளியோடு கடந்து போனாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. இருந்தும் செண்பகவல்லி போனைச் சட்டென்று மடியில் கவிழ்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தாள். அழிப்பதற்கான இடத்துக்கு விரல் போனது.

“அழிச்சிராதீங்க, மேடம்.”

நசீமா வாசலில் நின்றிருந்தாள்.

“வாசிச்சுட்டு அழிங்க.”

என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. செண்பகவல்லியால் நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

“பேரை மறைச்சுத்தான் போட்டேன், சிஸ்டர்.”

நசீமா அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“எழுத்து அவ எழுத்துதான்” என்றாள் செண்பகவல்லி.

“இப்ப எங்க இருக்கா?”

“தெரியலை. முதல் வருஷத்தோட நின்னுட்டா.”

“ஏன் நின்னா?”

அதைச் செண்பகவல்லி கேட்டதே இல்லை.

நசீமா கடிதத்தை நீட்டினாள். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

அன்று மாலையே செண்பகவல்லி கல்லூரி முதல்வரின் அறைக்குப் போனாள். கடிதம் எங்கே என்று அவர் கேட்டார். அவள் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதை முதல்ல பாருங்க, சார். அப்புறம் ஜெபராணியைப் பத்திப் பேசுவோம்.”

அவர் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. லைக் போட்டவர்களின் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் பெயரே அங்கே இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெபராணியை நீக்கவில்லை. ஒரு மாதம் வார்டில் வேலை பார்க்கக் கூடாது என்று முடிவானது. அந்த ஒரு மாதமும் பார்வையாளர் நேரத்தில், சீருடை இல்லாமல், மற்றவர்களைப் போல் வரிசையில் நின்று அவள் சிவனுபாண்டியைப் பார்க்க வந்தாள். ஒன்பதாவது நாள் அவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவளிடம் பேசவில்லை. திரும்பிப் படுத்தார், அவ்வளவுதான்.

முத்துக்கனியைக் கண்டுபிடிக்கச் செண்பகவல்லிக்கு நான்கு நாள் பிடித்தது. சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த எண் உபயோகத்தில் இல்லை. அவளோடு சேர்ந்து படித்த ஒருத்தி இப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

“முத்துக்கனியா?” என்று அந்தப் பெண் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. “ஓ, கும்பிடு கனியா, மேடம்?”

“என்ன சொன்னே?”

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்படித்தான் கூப்பிடுவோம், மேடம். அவ உள்ள வந்தா எல்லாரும் எந்திரிச்சு நின்னு கும்பிடுவோம். சும்மா, விளையாட்டுக்கு.”

“எத்தனை நாள்?”

“அவ படிப்பை விட்டுட்டுப் போற வரைக்கும்.”

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. உள்ளே முத்துக்கனி தனியாக இருந்தாள். ஃபிரேம் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லி படியேறியதுமே அடையாளம் தெரிந்துகொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

“வாங்க, மேடம். கண்ணாடி பாக்கணுமா?”

“இல்லம்மா. உங்கிட்ட ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்.”

போனை எடுத்தாள். முத்துக்கனி திரையை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க.”

முத்துக்கனி நின்றுகொண்டாள்.

செண்பகவல்லி வாசித்தாள். கேள்வியை வாசித்தாள். பதிலை வாசித்தாள். தான் எழுதியதை வாசிக்கும்போது குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. ‘கும்பிட்டுக்குவோம்’ என்ற சொல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அவ்வளவுதான்” என்றாள்.

“கீழ இருக்கிறதையும் வாசிங்க, மேடம்.”

கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காருகிறவர்களிடம் அவள் தினமும் பேசுகிற அதே குரல். அதில் கோபம் இல்லை.

செண்பகவல்லி வாசித்தாள்.

“‘மணி அடிக்கச் சொல்லுங்க மேடம்.’”

“ம்.”

“‘இது ஆஸ்பத்திரியா, கோயிலா?’”

“ம்.”

“‘தேங்காய் பழம் நோயாளியே கொண்டுவரணுமா?’”

அடுத்ததில் கண் போய் நின்றது. அவள் நிறுத்தினாள்.

“அதையும் வாசிங்க.”

“வேண்டாம்மா.”

“வாசிங்க, மேடம்.”

“‘எந்தக் கோட்டாவுல வந்த சீட்டோ.’”

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. அது போகும்வரை முத்துக்கனி காத்திருந்தாள்.

“அதுக்கும் சிரிச்ச மூஞ்சி போட்டிருந்தீங்க.”

“ஆமா.”

“எழுதினவர் யாரோ, எவரோ. அவரை எனக்குத் தெரியாது, மேடம். உங்களை எனக்குத் தெரியும்.”

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள். அவளுடைய செருப்பின் வார் ஒன்று பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கே நீ எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேம்மா.”

“வந்தேன், மேடம். ஒரு வியாழக்கிழமை. உங்க வகுப்பு முடிஞ்சதும் கேக்கணும்னு முன் பெஞ்சுல உக்காந்தேன். நீங்க அன்னிக்கு செல்போன் விதியெல்லாம் நடத்துனீங்க. அடுத்தவங்களைக் கேக்காம அவங்க விஷயத்தைப் போடக் கூடாதுன்னு சொல்லி, எல்லாரையும் எழுதிக்கச் சொன்னீங்க. நானும் எழுதிக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

செண்பகவல்லி வார் பிரிந்த செருப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை, மேடம்” என்றாள் முத்துக்கனி. “வெறும் தாளா கொடுக்க வேண்டாமேன்னு எழுதினேன். இப்ப தெரியும்.”

எப்படித் தெரியும் என்று அவள் சொல்லவில்லை.

செண்பகவல்லி போனில் தட்டினாள். விடைத்தாள் போயிற்று. அதன் கீழே இருந்ததெல்லாம் போயிற்று.

“அழிச்சுட்டேன்.”

“எந் தம்பி போன்ல இருக்கு. அவனுக்கு யாரோ அனுப்பிச்சாங்க.”

அதைக் குறை சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. அதனாலேயே செண்பகவல்லிக்குத் தாங்க முடியவில்லை.

“என்னை மன்னிச்சிரும்மா.”

முத்துக்கனி பதில் சொல்வதற்குள் ஒருவர் கடைக்குள் வந்தார். கண்ணாடி மூக்கில் நிற்கவில்லையாம். அவள் வாங்கிப் பார்த்தாள். சின்னத் திருப்புளியால் முடுக்கினாள். அவர் காதில் மாட்டி, குனியச் சொல்லி, நிமிரச் சொல்லிச் சரிபார்த்தாள். அவர் போகும்வரை செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முதல்வர் கூப்பிட்டனுப்பி, அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மாணவியைப் போல.

மன்னிப்பைப் பற்றி முத்துக்கனி பிறகும் பேசவில்லை.

“நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு” என்றாள் செண்பகவல்லி. “இந்த விஷயத்தைப் பிள்ளைங்ககிட்டச் சொல்லணும்னு நினைக்கிறேன். உனக்குச் சம்மதம்னா மட்டும்.”

முத்துக்கனி துணியை எடுத்து மறுபடி அந்த ஃபிரேமைத் துடைக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் துடைத்தாள்.

“சொல்லுங்க. எம் பேரு வேண்டாம்.”

“சரிம்மா. பேரெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு கல்லூரியில ஒரு டீச்சர், ஒரு மாணவின்னு பொதுவா சொல்லிக்கிறேன்.”

முத்துக்கனியின் கை நின்றது. தலையைத் தூக்கி, அன்று முதன்முறையாக, செண்பகவல்லியின் கண்ணைப் பார்த்தாள்.

“எம் பேரு மட்டும்தான் வேண்டாம்னு சொன்னேன், மேடம்.”